ஆறு எடம், ஆறு சீல்

அண்ணாச்சி, இந்த நாற்காலி சும்மாதான கெடக்கு? உக்காந்துக்கிடுதேன். உங்க டோக்கன் எத்தன? எம்பத்தாறா? எனக்கு எம்பத்தொண்ணு. போர்டுல இப்பத்தான் அறுவத்திரெண்டு ஓடுது. நேரம் கெடக்கு. அவுக கூப்பிடுததுக்குள்ள ஒரு வெவரத்த உங்ககிட்ட சொல்லி முடிச்சிருதேன். உங்க மொகத்தப் பாத்தா பொறுமசாலியாத் தெரியுது. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, என்மேல தப்பு உண்டா இல்லையான்னு.

என் பாஸ்போர்ட்டுல ஒரு காட்டெருமை நிக்குது அண்ணாச்சி.

சிரிக்காதீய, நெசமாத்தான். பதினெட்டாம் பக்கம். வட்டமா ஒரு சீல், சுத்தி பார்க்கு பேரு, நடுவுல தேதி, பக்கத்துல கொம்போட ஒரு காட்டெருமை. மொத்தம் ஆறு எடம், ஆறு சீல். எல்லாம் அமெரிக்க சர்க்காரு சீல். ஒண்ணுகூட கோணல் கெடையாது, ஒண்ணுலகூட மை தெத்திப் பரவல. அதுக்கு இந்தப் பாஸ்போர்ட்டு ஆபீசுல என்ன பேரு வச்சிருக்காவ தெரியுமா? சேதம். சேதப்பட்ட பாஸ்போர்ட்டாம். எலி கடிச்சாலும் சேதம், தண்ணில விழுந்தாலும் சேதம், ஒரு அரசாங்கத்தோட சீல முறைப்படி மை தொட்டுக் குத்துனாலும் சேதம். இது என்ன நியாயம்?

யாரு குத்துனாங்கீயளா? நாந்தான் குத்துனேன். வேற யாரு குத்துனாலும் அப்படி விழாது.

பேரு ஆவுடையப்பன். பத்திர ஆபீசுல முப்பத்திநாலு வருஷ சர்வீஸ். எத்தனையோ ரிஜிஸ்தாரு வந்தாவ, போனாவ. சீல் இருக்க மேசைச் சாவி மட்டும் எங்கிட்ட. அரணாக்கயித்துல முடிஞ்சு வச்சிருப்பேன். சீல் குத்துதது சாமானியம்னு நெனச்சியளா? மைப்பெட்டில மெதுவா ரெண்டு தட்டு. காயிதத்துல ஒரே வைப்பு. வச்ச பெறகு இடமிருந்து வலமா லேசா ஒரு ஆட்டு. நேரா மேல எடுத்திரணும். இழுக்கப்பிடாது, இழுத்தா போச்சு. ரிட்டயர்டு ஆகி ஆறு வருஷம் ஆச்சு. கடைசி நாள் சாவிய அவுத்து அடுத்த ஆளு கையில குடுத்துட்டு வீட்டுக்கு வந்தேன். அத விடுங்க, அது இப்ப எதுக்கு.

இப்ப என் பிரச்சன என் பாஸ்போர்ட்டு இல்ல, என் வீட்டுக்காரி பாஸ்போர்ட்டு. அதுலயும் இதே ஆறு சீல் இருக்கு. அதையும் நாந்தான் குத்துனேன். மகளுக்கு அமெரிக்காவுல முதப் பிரசவம், ஆனி கடைசில நாள் சொல்லிருக்காவ. சம்பந்தியம்மா காலமாயி ரெண்டு வருஷம் ஆச்சு. அங்க கூடமாட நிக்க வேற பொம்பள கெடையாது. உலகம்மா, அதான் என் வீட்டுக்காரி, அவ போயே ஆகணும். ஏர்போர்ட்டுல பாஸ்போர்ட்டப் பாத்துட்டு ஏத்த மாட்டேன்னுட்டாம்னா? பிள்ள அங்க வலியில கெடக்கும், இவ இங்க கெடப்பா, நடுவுல நான் குத்துன சீல் நிக்கும். அத நெனச்சா சோறு தொண்டையில எறங்க மாட்டேங்குது அண்ணாச்சி. அந்த அளவுக்கு வீட்டுல சொல்லிக்கிடல.

அதான் அவளுக்குத் தெரியாம அவ பாஸ்போர்ட்டயும் பீரோவுல இருந்து எடுத்துட்டு வந்திருக்கேன். இந்தா, காவி உறை போட்டது என்னுது. செவப்பு உறை அவளுது. என் வேல முடிஞ்சதும் அந்த ஆபீசர்கிட்ட, ஐயா இதையும் ஒரு பார்வ பாருங்கன்னு கையப் புடிச்சிக் கேட்டிரலாம்னு வந்தேன். ‘உங்களுத மட்டும் மாத்திட்டு வாங்க, என்னதத் தொடாதீங்க’ன்னா அவ. அவளுக்கு என்ன தெரியும்? கவலையே பட மாட்டேங்கா அண்ணாச்சி! மக டிக்கட்டும் போட்டுட்டா. உலகம்மா சுக்கு இடிக்கா, மாவு வறுக்கா, பிரசவ லேகியம் கிண்டுதா. ‘ஏட்டி, இந்தப் பாஸ்போர்ட்ட வச்சிக்கிட்டு எப்படிட்டி ஏறுவ?’ன்னு கேட்டா, ‘ஏறிக்கிடலாம், தள்ளுங்க, அடிப்பிடிக்கப் போவுது’ங்கா.

சரி, மொதல்ல இருந்து வாறேன்.

மக சங்கரியும் மாப்பிள்ள திருமலையும் டென்வர்ங்கிற ஊர்ல இருக்காவ. போன வருஷம் நாங்க ரெண்டு பேரும் போயிருந்தோம். புரட்டாசில மாப்பிள்ளைக்கு ஒம்பது நாள் லீவு. ‘மாமா, கார எடுத்துட்டுப் போயி பார்க்கெல்லாம் பாத்துட்டு வந்திருவோம்’னாரு. பார்க்குன்னதும் நான் ஊஞ்சலு, சறுக்கு, அவிச்ச கடலன்னு நெனச்சிக்கிட்டேன். ‘ஒரு பார்க்கச் சுத்த அர மணி நேரம் ஆவுமா மாப்பிள்ள?’ன்னேன். ‘பெரிய பார்க்குக்கு மூணு நாள் மாமா’ன்னாரு. நம்ம ஜில்லாவத் தூக்கி உள்ள வச்சாலும் மிச்ச எடம் கெடக்குமாம்.

கெளம்புனோம். டிக்கில துணிப்பெட்டி ரெண்டு, சாப்பாட்டுப் பெட்டி மூணு. கரண்டுல சோறாக்குத குக்கர், புளிக்காய்ச்சல், மோர் மொளகா, மொளகாப்பொடி. மொத ராத்திரி தங்குன லாட்ஜுல உலகம்மா ஜன்னலத் தெறந்து வச்சிட்டு கடுகு தாளிச்சா. பொக பட்டதும் மேல இருந்து ஒரு சைரன் ஊளையிட்டுது பாருங்க! லாட்ஜு முழுக்க ஆளுக ஜட்டியோட ரோட்டுல நிக்காவ. இவ கரண்டியும் கையுமா வாசல்ல நின்னு, ‘என்ன சங்கரி, யாருக்கும் ஆபத்தா?’ன்னு கேக்கா. மாப்பிள்ள அன்னைக்கு எத்தன பேருகிட்ட மன்னிப்புக் கேட்டாருன்னு எண்ணுனேன். பதினாலு.

மொத எடம் நாலு தலை மலை. ஒரு மலை உச்சியில பழைய தலைவர்மாரு நாலு பேரு மூஞ்சியச் செதுக்கி வச்சிருக்கான். ஒரு மூக்கே இருவது அடி. உலகம்மா அண்ணாந்து பாத்துட்டு ‘உடம்பு எங்க?’ன்னா. ‘தலை மட்டுந்தாம்ட்டி’ன்னேன். ‘அதான் ஒருத்தர் மூஞ்சியிலயும் சிரிப்பக் காணும்’னா. நான் மாப்பிள்ளகிட்ட மெதுவா, ‘இந்த மலை யாரு பேருல பட்டா?’ன்னு கேட்டேன். ‘எப்பா, சும்மா வாங்கப்பா’ன்னா மக.

அங்க ஒரு ஆபீசு உண்டு. மேப்பு, தொப்பி, பொம்ம எல்லாம் விக்காவ. சங்கரியும் மாப்பிள்ளையும் காப்பி வாங்கப் போயிட்டாவ. நானும் உலகம்மாளும் உள்ள சுத்துதோம். ஒரு மூலையில சின்ன மேச. மேச மேல, அண்ணாச்சி, ரப்பர் ஸ்டாம்பு! மைப்பெட்டி! பக்கத்துல ஒரு குருவி இல்ல! அரசாங்கத்தோட சீல அனாதையா மேசயில போட்டு வச்சிருக்கான்! பூட்டு கீட்டு இருக்கான்னு மேசக்கி அடியில குனிஞ்சு பாத்தேன். ஒரு சின்னப் பிள்ள வந்துது, என்னமோ ஒரு குட்டிப் புஸ்தகத்துல டப்புன்னு ஒரு குத்து, இழுத்துட்டுப் போயிட்டு. மை அப்பிக்கிட்டு. பாக்கச் சகிக்கல.

அப்பத்தான் எனக்கு வெளங்கிச்சு. வந்தவன் வந்ததுக்கு அத்தாட்சி வேணும்லா? அதுக்குத்தான் சீல். நம்ம சட்டப்பையில அசல் பாஸ்போர்ட் இருக்கு. வெளிநாட்டுல அத விட்டுட்டு நடக்கலாமா? சுவத்துல செவப்பு எழுத்துல என்னமோ ஒட்டிருந்துச்சு. என் கண்ணாடி உலகம்மா பையில. விதிமுறையா இருக்கும், நமக்குத் தெரியாத விதிமுறையா? பாஸ்போர்ட்ட எடுத்தேன். முன்பக்கம் விசா, அது இது இருக்கும், அதுல கை வைக்கப்பிடாது. அது எனக்குத் தெரியும். அதனால பின்னால தெறந்து நல்ல வெள்ளப் பக்கமாப் பாத்தேன். ரெண்டு தட்டு, ஒரே வைப்பு, லேசா ஒரு ஆட்டு.

அடடடா. ஆறு வருஷம் கழிச்சு அண்ணாச்சி! அந்தச் சத்தம் இருக்கு பாருங்க, அந்த ‘டக்’. உள்ளங்காலு வரைக்கும் போச்சு.

தொப்பி வச்ச ஒரு வாட்டசாட்டமான அம்மா, அங்க வேல பாக்கவ, ஓடி வந்தா. ‘நோ நோ’ன்னு ரெண்டு கையையும் ஆட்டுதா. பாஸ்போர்ட்டத் தொட்டுக் காட்டுதா, தன் தலையில கைய வைக்கா. பாவம், அவ்வளவு நேர்த்தியா ஒருத்தன் குத்தி அவ பாத்திருக்க மாட்டா. நோ-ன்னது, ஃபீசு ஒண்ணும் வேண்டாம்னு சொல்லுதா. ‘தேங்க்யூ மேடம்’னேன். உலகம்மா பக்கத்துல நின்னு அந்தத் தொப்பிக்காரி மொகத்தையே உத்துப் பாத்துக்கிட்டிருந்தா.

சங்கரி வந்து பாத்தா. கையில காப்பி, மொகத்துல ரத்தம் இல்ல. ‘எப்பா! என்னப்பா செஞ்சு வச்சிருக்கீய!’

‘ஏன், தேதி சரியாத்தான இருக்கு?’

‘இதுக்குன்னு தனிப் புஸ்தகம் விக்காவப்பா. நான் வாங்கித் தாறேன். பாஸ்போர்ட்டுல குத்தப்பிடாதுப்பா, பிரச்சன ஆயிரும்.’

‘அசல் கையில இருக்கையில நகல் எதுக்குட்டி?’ன்னேன். அவ மறுபடியும் என்னமோ சொல்ல வாய எடுத்தா. எனக்குக் கோவம் வந்திட்டு. ‘சீலப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தாறியா? உன்னப் படிக்க வச்சதே இந்தக் கை குத்துன சீலுதாம்ட்டி!’ன்னு சத்தம் போட்டுட்டு வெளிய போயி ஒரு பெஞ்சுல உக்காந்துக்கிட்டேன். எதுத்தாப்புல மலை. அவுக நாலு பேரு, நான் ஒருத்தன், ஆக அஞ்சு பேரா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தோம்.

அங்கன தாயும் மகளும் கார் டிக்கிக்குப் பின்னால குசுகுசுங்காளுவ. டிக்கில சங்கரியோட ஃபைலு ஒண்ணு உண்டு. பொறந்த சர்ட்டிபிகேட்டுல இருந்து அம்மை குத்துன அட்டை வரைக்கும் அதுலதான். அப்படியே என்ன உரிச்சி வச்சவ, ஒரு காயிதத்தக் கழிச்சிப் போட மாட்டா. உலகம்மா பாஸ்போர்ட்டும் அதுலதான் இருந்தது. கொஞ்ச நேரத்துல ஒரு சிரிப்புச் சத்தம். ‘ஐயோ யம்மா, மாட்டிக்கிடுவோம்’னு மக சொல்லுதா. லாட்ஜு சைரனப் பத்தி இன்னும் சிரிச்சிக்கிட்டிருக்காளுவன்னு நெனச்சேன். பெறகு உலகம்மா எங்கிட்ட வந்தா. செவப்பு உறைய நீட்டுனா.

‘இந்தாங்க, என்னதையும் புடிங்க. ரெண்டுலயும் நல்லா அமுக்கிக் குத்துங்க.’

கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவ என் உத்தியோகத்துக்குக் குடுத்த மொத மரியாத அண்ணாச்சி அது! என் கோவம் எங்க போச்சுன்னு தெரியல. எந்திரிச்சி ஓடுனேன். அவ பாஸ்போர்ட்டு ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்ட மாதிரி இருந்துது. அவ கையில ரேஷன் கார்டு குடுத்தாலும் ரெண்டு மாசத்துல ஓரம் போயிரும். அதையும் பின்பக்கமாத் தெறந்து, அப்படியே ஒரு குத்து.

அதுக்குப் பெறகு பாக்கணுமே! கார் நிக்கதுக்கு முந்தி நான் கதவத் தெறந்து நிப்பேன். ரெண்டாவது எடம் ஒத்தப் பாறை, ராட்சச உரலக் கவுத்துப் போட்ட மாதிரி, வெட்டவெளியில தன்னந்தனியா நிக்கு. எல்லாரும் பாறையப் பாக்கப் போனாவ. நான் மேசயத் தேடிப் போனேன். டக். டக்.

மூணாவதுதான் அந்தப் பெரிய பார்க்கு. எல்லோஸ்டோன். உள்ள போயி அர மணி நேரம் ஆவல, ரோட்டுக்குக் குறுக்க ஒரு காட்டெருமை. நம்ம ஊரு மினி லாரி அளவு இருக்கும். தலைய ஆட்டிக்கிட்டு நிக்கு. முன்னால இருவது காரு, பின்னால முப்பது காரு. ஒருத்தனும் ஹாரன் அடிக்க மாட்டேங்கான். நாப்பது நிமிஷம்! ‘கண்ணாடிய எறக்காதீங்க அத்த, ஆபத்து’ன்னு மாப்பிள்ள சொல்லி வாய மூடல, இவ கண்ணாடிய எறக்கிட்டு, ‘ஏ மூதி, தள்ளிப் போ! மனுசர் சோலி இல்லாமயா வந்திருக்கோம்!’னா. அது இவளப் பாத்துது. ஒரு பெருமூச்சு விட்டுது. தள்ளிப் போயிட்டு! பின்னால கார்ல இருந்த வெள்ளக்காரங்கெல்லாம் கை தட்டுதாவ. மாப்பிள்ள ஸ்டியரிங்குல தலைய வச்சி அழுதாரா சிரிச்சாரான்னு எனக்குத் தெரியல.

அங்க ஒரு எடத்துல தரைக்குள்ள இருந்து வெந்நீரு நூறடிக்கு மேல பீச்சி அடிக்கி அண்ணாச்சி. எத்தன மணிக்கு அடிக்கும்னு போர்டுல எழுதி வேற போட்டிருக்கான். அந்த நேரத்துக்கு டாண்ணு அடிக்கும். நம்ம தெருக் குழாயில தண்ணி வாறத என்னைக்காவது இப்படிச் சொல்லிட்டு வந்திருக்கா? ‘ரெண்டு மூட நெல்ல ஒரே வேக்காட்டுல அவிச்சிரலாமே’ன்னு உலகம்மா ஏங்கிட்டா. அடுத்தது ரெண்டே காலுக்குன்னு போட்டிருந்துது. எல்லாரும் எடம் புடிக்க ஓடுதாவ. நான், ‘ரெண்டு குத்து குத்திட்டு ஓடி வந்திருதேன்’னேன்.

உள்ள போனா, மேசக்கி முன்னால வரிசை! ஒரு வெள்ளக்காரப் பய, ஏழு எட்டு வயசு இருக்கும், ஸ்டாம்பப் புடிச்சி ஈ அடிக்க மாதிரி அடிக்கான். மை தெத்தி, தேதி கோணி, அவன் அழப் போறான். எனக்குப் பொறுக்கல. அவன் கையப் புடிச்சேன். ரெண்டு தட்டு, ஒரே வைப்பு, லேசா ஒரு ஆட்டு. அவன் புஸ்தகத்தப் பாத்தான், என்னப் பாத்தான். ‘வாவ்’னான். அவன் தங்கச்சி நீட்டுனா. அவன் அம்மா நீட்டுனா. அவ்வளவுதான். நான் மேசக்கிப் பின்னால போயிட்டேன். ‘நெக்ஸ்ட்!’ன்னேன். வாறான், நீட்டுதான், குத்துதேன், ‘நெக்ஸ்ட்!’. குத்துன எடத்துக்குப் பக்கத்துல பேனாவ எடுத்து ‘ஆ’ன்னு போட்டு ஒரு சுழி. என் சுருக்கொப்பம். அது இல்லாம சீலுக்கு என்ன மதிப்பு? இன்னைக்கு அமெரிக்காவுல முப்பது நாப்பது வீட்டுல என் கையெழுத்து இருக்கு அண்ணாச்சி! அங்க வேல பாக்கவனே ஓரமா நின்னு வேடிக்க பாத்தான்.

வெளிய ஹோன்னு ஒரு சத்தம். தண்ணி அடிச்சிட்டு. சனம் கூப்பாடு போடுது. அப்பத்தான் தலையத் தூக்குதேன், செவுத்தோரம் பெஞ்சுல உலகம்மா உக்காந்திருக்கா. ‘ஏட்டி, நீ தண்ணி பாக்கப் போவலியா?’ன்னேன். ‘இங்கனயே இருக்கேன், கால் வலிக்கி’ன்னா. பாவம், அவ்வளவு தூரம் போயி அதப் பாக்கக் குடுத்து வைக்கல. முட்டி அப்படி.

பெறகு ஒரு பனிமலை, டக் டக். பெறகு ராட்சசப் பல்லிக எலும்பு அப்படியே பாறையில பதிஞ்சு கெடக்கு, அங்க டக் டக். கடைசில செவப்புப் பாறையில வாசல் வாசலா ஓட்ட விழுந்த ஒரு எடம், டக் டக். ஒவ்வொரு எடத்துலயும் உலகம்மா செவப்பு உறைய நீட்டி, ‘ரெண்டுலயும் நல்லா அமுக்கிக் குத்துங்க’ன்னா. சங்கரி அந்தப் பக்கம் திரும்பிக்கிடுவா. தோளு குலுங்கும். அப்பாவ எதுத்துப் பேசிட்டோமேன்னு அழுதான்னு நெனச்சேன். ஒரு தடவ முதுகத் தடவிக்கூடக் குடுத்தேன்.

ஐப்பசில திரும்பி வந்தோம். சென்னை ஏர்போர்ட்டுல ஆபீசர் என் பாஸ்போர்ட்டத் தெறந்தாரு. புரட்டுனாரு. காட்டெருமையப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. ‘என்ன சார் இது, பாஸ்போர்ட்டா, பிள்ளைக படம் ஒட்டுத புக்கா?’ன்னாரு. முக்கா மணி நேரம் நிறுத்தி வச்சி, மாத்திருங்கன்னு எச்சரிச்சு விட்டாரு. ஆனா உலகம்மாள ரெண்டே நிமிஷத்துல அனுப்பிச்சிட்டாரு! அதே ஆறு சீல்! பொம்பளைன்னா ஒரு எரக்கம். அந்தப் பக்கம் பெட்டி மேல உக்காந்து எனக்குக் கைய வேற ஆட்டுதா.

நான் விடுவேனா? ஊருக்கு வந்து மனு எழுதுனேன். ஒரு அரசாங்கத்தோட சீல இன்னொரு அரசாங்கம் சேதம்னு சொல்ல அதிகாரம் உண்டான்னு கேட்டு மூணு மனு, ஒப்புகைச் சீட்டோட. மூணுக்கும் ஒரே பதிலு. மாத்திக்கிடுங்க. அதுக்கெடையில கார்த்திகையில மக போன் போட்டு, அப்பா, நீங்க தாத்தா ஆவப் போறீயன்னா. வீட்டுக்குள்ள நான் குதிச்ச குதில காலண்டர் கீழ விழுந்துட்டு. விழுந்த காலண்டர எடுத்து மாட்டையில பக்குனு ஆச்சு. உலகம்மா பாஸ்போர்ட்டு! மக ‘அம்மா வந்திருவாப்பா, நீங்க கவலப்படாதீய’ங்கா. அவ என்னத் தேத்துததுக்குச் சொல்லுதா. எனக்குத் தெரியாதா?

இப்பச் சொல்லுங்க. என்மேல தப்பா?

சரி, பாத்துட்டுச் சொல்லுங்க. இந்தா என்னது, பதினெட்டாம் பக்கம். எப்படி நிக்கான் பாத்தியளா? கொம்பக் கவனிங்க. அவளுதுல இத விடத் தெளிவா விழுந்திருக்கும். இருங்க, காட்டுதேன். சவம், தலைகீழாப் புடிச்சிட்டேன், முன்பக்கம் தெறந்திட்டு.

இது யாரு?

அண்ணாச்சி, இது உலகம்மா இல்ல.

இது சங்கரிலா! எண்ணெய் வழிய வழிய வாரி, காது ரெண்டும் தெரிய. காது தெரியணும்னு ஸ்டுடியோக்காரன்கிட்ட நாந்தான சொன்னேன்! இருவத்தியோரு வயசு. இது அவ பழைய பாஸ்போர்ட்டு. காலாவதி ஆனது. அந்த ஃபைலுல கெடந்தது. ஓரம் வெட்டிருக்கான் பாருங்க. ரத்துன்னு சீல் குத்திருக்கான். கோணலா!

ஆறு எடத்துலயும் நான் இதுலயா குத்துனேன்?

இந்தா, இந்தப் பக்கத்தப் பாருங்க. சென்னை. ஆகஸ்டு, ரெண்டாயிரத்திப் பதிமூணு. மொதமொதல்ல அமெரிக்காவுக்குப் படிக்கப் போனா, அன்னைக்கு விழுந்த சீல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு கைய ஆட்டுனா. உலகம்மா அழுதா. நான் அழல. சீல் சரியா விழுந்துருக்கான்னு பாத்துக்கோன்னு சைகை காட்டுனேன், கூறுகெட்டவன். பதினொரு வருஷத்துக்குப் பெறகு இப்பத்தான் அண்ணாச்சி நானே பாக்கேன். லேசா மை தெத்திருக்கு. தேதி படிக்க முடியுது.

நான் ஒண்ணும் அழல. இந்த ஏசிக் காத்து கண்ணுக்கு ஆவாது.

இருங்க, அவளுக்குப் போன் போடுதேன். ஏ உலகம்மா... ஆமா, அங்கதான் இருக்கேன்... செவப்பு உறைய எடுத்துட்டு வந்துட்டேம்ட்டி... ஆமா, பாத்துட்டேன்... சிரிக்காத. சிரிக்காதங்கேன்ல! உன்னது எங்க?... மாவு டப்பாவுலயா?... ஏன்ட்டி எங்கிட்ட சொல்லல?... என்ன?... ம்... ம்... சரி. சரி, வைக்கேன்.

என்ன சொன்னாங்கீயளா?

அவளுது சுத்தமா இருக்காம். ஒரு பொட்டு மை கெடையாதாம். அரிசி மாவு டப்பாவுக்குள்ள ஒளிச்சி வச்சிருக்கா. அன்னைக்கே அந்தத் தொப்பிக்காரி தலையில கை வைக்கையில இவளுக்குத் தெரிஞ்சு போச்சாம். ‘உங்களுது ஒண்ணு போனது போயிட்டு, என்னதும் போவணுமா?’ங்கா. அப்ப என்னத் தடுத்திருக்கலாம்லான்னு கேட்டேன். ‘தடுத்தா நிப்பீயளா?’ங்கா. அது சரிதான்.

அதோட விட்டாளா. ‘சாவியக் குடுத்துட்டு வந்த நாள்ல இருந்து உங்க மொகம் அப்படி இருந்து நான் பாக்கலங்க. அந்தப் பிள்ளைகளுக்குக் குத்திக் குடுக்கையில பாத்தேன். தண்ணி மேல போறத என்னைக்கு வேணும்னாலும் பாத்துக்கிடலாம்’னா.

கால் வலின்னா அண்ணாச்சி, எங்கிட்ட. கால் வலின்னா.

சண்டாளி. அவ ஏறிருவா. ஆனிக்கு மகளுக்குப் பக்கத்துல நிப்பா. என் சீல் ஒண்ணும் குறுக்க நிக்கல. அப்பா! இன்னைக்கு ரெண்டு வேளச் சோத்த ஒண்ணாத் திங்கணும். நான் புதுசு வாங்கிட்டு பின்னாலயே போவேன். பேரனோ பேத்தியோ, அதுக்குன்னு ஒரு குட்டிப் புஸ்தகம் வாங்கணும், அந்தத் தனிப் புஸ்தகம். நகலா இருந்தா இருந்துட்டுப் போவுது. சின்னப் பிள்ளைக்கு அது போதும். குத்துதது நான்.

எம்பத்தொண்ணு! எம்பத்தொண்ணு விழுந்திட்டு! எங்க என் காவி உறை? இந்தாருக்கு. வாறேன் அண்ணாச்சி, இந்தச் செவப்பக் கொஞ்சம் புடிங்க, பத்திரம், ஓரம் மடங்கிராம. பழசுல ரத்துன்னு ஒரு சீல் குத்தித்தான திருப்பித் தருவாவ? பிள்ளையோடதுல எப்படிக் கோணலாக் குத்திருக்கான்னு பாத்தியள்லா? அதான், உள்ள போனதும் கேட்டிரலாம்னு இருக்கேன். ஐயா, அந்த மைப்பெட்டிய இங்கன கொஞ்சம் தள்ளுங்க, என்னதுக்கு மட்டும் நானே குத்திக்கிடுதேன்னு.